எதிர்வீட்டுக்காரர் எங்கே போனார்? பெண்கள் மீட்புக் குழுவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தக் குறிப்பு

மதுரையில் வைகைக்கு வடகரையில், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வரும் பெண்களுக்காக ஒரு சிறு குழு நடத்துகிறேன். சனிக்கிழமை மாலை கூடுவோம். ஏழெட்டுப் பேர், பிளாஸ்டிக் நாற்காலி, டீ, அவ்வளவுதான். கடந்த ஆண்டு ஆடியில் எங்கள் உறுப்பினர்கள் இருவர், தங்கள் தெருவில் ஒரு கொலை நடந்துவிட்டது என்று முடிவுகட்டி இரண்டு வாரம் துப்புத் துலக்கினார்கள். அதை நான் எப்படிக் கையாண்டேன், எங்கே சறுக்கினேன் என்பதை என்னைப் போன்ற ஆலோசகர்களுக்காக எழுதி வைக்கிறேன். படிக்கும்போது சிரிப்பு வரலாம். எனக்கும் பிறகு வந்தது, அந்த இரண்டு வாரத்தில் வரவில்லை.

சம்பந்தப்பட்ட நால்வரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். பெயர், தெரு, அடையாளம் எதுவும் இதில் இல்லை. வரைவைப் படித்துப் பார்த்தவர்களில் ஒருவர் மூன்று சந்திப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். யார் என்று போகப் போகத் தெரியும்.

பின்னணி

முதலாமவருக்கு 62 வயது. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே டீச்சர் என்றே சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் கணவர் இறந்தபோது தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போயிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு அல்பிரசோலம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு வாரம் ஒன்பது வருடமாக நீண்டுவிட்டது. இந்த மாத்திரை மருந்துச் சட்ட விதிகளின் எச்1 அட்டவணையில் வருவதால், மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துத் தனிப் பதிவேட்டில் எழுதி வைத்துத்தான் விற்க வேண்டும். டீச்சரும் ஒரு பதிவேடு வைத்திருந்தார். எந்தக் கடையில் எந்தத் தேதியில் வாங்கினோம், அடுத்து எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று நான்கு கடைகளுக்கும் கட்டம் போட்டு, பழைய சீட்டின் ஜெராக்ஸ்களைக் கிளிப் போட்டு வைத்திருந்தார். இவ்வளவு ஒழுங்கான பழக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதனால் மனநல மருத்துவர் அதை, அதே வகை மருந்தான டயசிபாமுக்கு மாற்றி, மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். குறைக்கும் காலத்தில், போன தூக்கம் திரும்பி வருவதற்குள் இன்னும் மோசமாகும். டீச்சர் இரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

இரண்டாமவருக்கு 36 வயது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லி எடுத்து, கட்டி, தெருத் தெருவாக விற்பவர். பூக்காரம்மா என்று வைத்துக்கொள்வோம். ராத்திரியும் பகலுமாக வேலை, இடுப்பு வலி. வலிக்கு முதலில் கட்டிங், அப்புறம் குவாட்டர், அப்புறம் காலையிலும். சிகிச்சைக்கு வந்த அன்று வாழைநாரை விரலில் பிடிக்க முடியவில்லை. நடுக்கத்தில் நார் நழுவி நழுவிக் கீழே விழுந்தது. “ஒரு முடிச்சு விழ மாட்டேங்குது மேடம், பதினாலு வயசுலேர்ந்து கட்டுறேன்” என்று அழுதார். 21 நாள் உள்நோயாளியாக இருந்தார். இந்த நிகழ்வின்போது குடியை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டீச்சர் மருத்துவமனையில் இருந்தபோது, அம்மா காசி யாத்திரை போயிருக்கிறார் என்று மகன் தெருவில் சொல்லியிருந்தார். திரும்பி வந்தவரிடம் பக்கத்து வீட்டார் கங்கை தீர்த்தம் கேட்டார்கள். தபால் நிலையங்களில் 2016 முதல் கங்கை நீர் பாட்டிலில் விற்கிறார்கள். மகன் போய் இரண்டு வாங்கி வந்து, லேபிளைக் கிழித்துவிட்டு, செம்பில் ஊற்றிக் கொடுத்தார். பூக்காரம்மாவின் மாமியார் அவ்வளவு மெனக்கெடவில்லை. “மருமக திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கா” என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மது குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். எங்கள் குழுவில் ஒருவராவது அந்த ஆய்வாளரிடம் வாயைத் திறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜோடி சேர்த்தது

குழுவில் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ப்போம். மாலை ஏழு மணிக்கு ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட வேண்டும். பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலும் அந்த நேரத்தில்தான் ஒன்றுகூடும். இவர்கள் இருவரையும் சேர்த்ததற்கு ஒரே காரணம், வீடுகள் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தன. மற்றபடி ஒட்டவே ஒட்டாத ஜோடி.

முதல் வாரமே சண்டை. டீச்சர், “நான் குடிக்கிறவ இல்லைம்மா, டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் சாப்பிட்டேன்” என்றார். “எனக்கும் எந்த டாக்டராச்சும் எழுதிக் குடுத்திருந்தா நானும் மெடிக்கல்லயே வாங்கியிருப்பேன் டீச்சர், கடை வாசல்ல நின்னிருக்க மாட்டேன்” என்றார் பூக்காரம்மா. இரண்டாம் வாரம் டீச்சர் இரண்டு முழம் பூ வாங்கி, வீட்டு அடிக்கோலை வைத்து அளந்து பார்த்திருக்கிறார். முழத்துக்கு 18 அங்குலம் இருக்க வேண்டியது 16தான் இருந்தது. அதைக் குழுவில் எல்லோர் முன்பும் சொன்னார். “என் கை அம்புட்டுத்தான் நீளம்” என்று பதில் வந்தது.

ஜோடியை மாற்றலாமா என்று யோசித்தேன். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

நாள் 1 முதல் 3 வரை

ஒரு புதன்கிழமை அதிகாலை 2.10. நேரம் டீச்சருடைய டைரியில் இருக்கிறது. எதிர்வீட்டு வாசலில் விளக்குப் போடாமல் ஓர் ஆம்னி வேன் வந்து நின்றது. அந்த வீட்டம்மாவின் தம்பியும் இன்னொரு ஆளும், ஜமக்காளத்தில் சுற்றிய நீளமான ஒன்றைத் தலைப்பக்கமும் கால்பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் கிடத்தினார்கள். வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வேன் போனதும் உள்ளே போய் வாளியோடு வந்து வாசலைக் கழுவினார். மார்க்கெட்டுக்குக் கிளம்பி அந்த வழியாகப் போன பூக்காரம்மாவுக்கு ஃபினாயில் வாடை குப்பென்று அடித்தது. அந்த நேரத்தில் தெருவில் விழித்திருந்தது இந்த இரண்டு பேர்தான். ஒருவருக்குத் தூக்கம் போயிருந்தது, இன்னொருவருக்குத் தொழில் அப்படி.

அந்த வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதுகிறார். அதிர்ந்து பேசாதவர். டீச்சருடைய டைரியில் அவரைப் பற்றி இப்படி ஒரு வரி: “ஒழுக்கமானவர். மாலை 7க்கு மேல் வெளியே வருவதில்லை. எப்போதும் ஏலக்காய் மெல்லுவார். சென்ட் போடுவார்.”

புதன்கிழமை காலை அவருடைய செருப்பு வாசலில் இருந்தது. டிவிஎஸ் வண்டியும் நின்றது. அண்ணனைக் காணோமே என்று இட்லிக்கடைக்காரர் கேட்டதற்கு, “திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்காரு” என்று சொல்லியிருக்கிறார் வீட்டம்மா. செருப்புப் போடாமல் திருப்பூருக்கா?

வெள்ளிக்கிழமை அந்த அம்மா இரண்டு முழம் மல்லி வாங்கினார். ஒரு வருடமாக ஒரு கண்ணி கூட வாங்காதவர். இதில் துப்பறிவாளர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. புருசனைக் கொன்றவள் பூ வைக்க மாட்டாள் என்றார் பூக்காரம்மா. கொன்றதை மறைக்கத்தான் வைப்பாள் என்றார் டீச்சர். அது ஆடி வெள்ளி, மல்லி விலை ஏறிக் கிடந்த நாள். அப்படியிருந்தும் பேரம் பேசாமல் வாங்கினாளே என்பதில்தான் பூக்காரம்மாவுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

அப்புறம் ஜமக்காளத்தின் நீளம். ஜன்னலிலிருந்து பார்த்த கணக்கில் மூன்றரை முழம் என்றார் டீச்சர். முழத்துக்கு 18 அங்குலம் வைத்தால் 63, அதாவது ஐந்தே கால் அடி. அவருடைய உயரமும் கிட்டத்தட்ட அதுதான். “என் முழத்துக்குப் போட்டுப் பாருங்க” என்று பூக்காரம்மா சொல்ல, 56 அங்குலம் வந்தது. நாலு அடி எட்டு அங்குலம். “அப்ப அது அண்ணன் இல்ல டீச்சர், அவுக மாமியா.” மறுநாள் காலை மாமியார் குழாயடியில் குடத்தோடு நின்றதால் இந்தக் கோணம் கைவிடப்பட்டது.

நாள் 4: என்னிடம் வந்தார்கள்

சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் இருவரும் என்னைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்கள். டைரியையும் காட்டினார்கள்.

எனக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. போலீசுக்குச் சொல்வது. இது உங்கள் வேலை இல்லை என்று நிறுத்துவது. பொறுத்துப் பார்ப்பது. குழுவில் பேசியது வெளியே போகாது என்பது எங்கள் அடிப்படை விதி. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த விதியை மீறலாம். இங்கே ஆபத்து என்பதற்கு ஜமக்காளமும் ஃபினாயிலும் தவிர எதுவும் இல்லை. மருந்து குறைக்கும் காலத்தில் பதற்றமும், சின்னதைப் பெரிதாக நினைக்கும் மனநிலையும் வருவது உண்டு என்பதையும் யோசித்தேன். ஆனால் டீச்சர் சொன்னதை எட்டு மாதமாகக் குடிக்காத ஒருவர் தனியாக வந்து உறுதிப்படுத்துகிறார். மாத்திரை வேலை என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை.

“கவனிச்சுக்கிட்டே இருங்க. யாரையும் தொந்தரவு பண்ணாதீங்க. ஏதாவது தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க” என்றேன். அந்த நேரத்தில் பக்குவமான பதிலாகத்தான் பட்டது. அவர்கள் காதில் அது உத்தரவாக விழுந்திருக்கிறது. மறுநாளே டீச்சர் புது நோட்டு வாங்கிவிட்டார்.

நாள் 5 முதல் 11 வரை

இந்த வாரத்தில் நடந்தவை எனக்குப் பின்னால் தெரிந்தவை. ஞாயிறு, திங்கள் இரவுகளில் அந்த வீட்டுக்குள் ஒரு செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டுக்காரருடைய ரிங்டோன், முருகன் பாட்டு. ஆள் திருப்பூரில், போன் இங்கே. வியாழன் அந்தி மங்கும் நேரத்தில் அந்த அம்மா பின்கட்டில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டி, ஒரு சாக்கை உள்ளே இறக்கி மூடியதைப் பூக்காரம்மா தன் வீட்டுக் கொல்லைச் சுவரிலிருந்து பார்த்தார். நாய் பூனை எதுவும் அந்த வீட்டில் கிடையாது.

இன்னொரு பக்கம், என் பார்வைக்கு இருவரும் அருமையாக இருந்தார்கள். ஏழு மணி போன் ஒரு நாள் கூடத் தவறவில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பேசிக்கொண்டார்கள். 11ஆம் நாள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள், பூக்காரம்மா டீச்சருக்குக் குடை பிடித்துக்கொண்டு. ஜோடி ஒட்டிக்கொண்டது என்று என் பதிவேட்டில் எழுதினேன். முன்னேற்றம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

அந்த வாரம் டீச்சர் இரவு இரண்டு மணி நேரம் கூடத் தூங்கவில்லை. கண்காணிப்பு விட்டுப்போகக் கூடாது என்று உட்கார்ந்திருந்து, விடியும்போது தாங்க முடியாமல் இரண்டு நாள் அரை அரை மாத்திரை கூடுதலாகப் போட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முகம் பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சை நான் தப்பாகப் படித்தேன். குடியை விட்டவர்களுக்கு வேறொன்றின் மேல் வெறி பிடிப்பது எங்கள் தொழிலில் பழைய பாடம். சீட்டாட்டம், சாமியாட்டம் என்று பார்த்திருக்கிறேன். துப்பறிதலும் அப்படி வரலாம் என்று தோன்றவில்லை.

நாள் 12: முருங்கை மரத்தடி

ஞாயிறு அதிகாலை மூன்று மணி. பூக்காரம்மா மார்க்கெட்டுக்குப் போகாமல் மண்வெட்டியோடு வந்தார். டீச்சர் டார்ச்சும் குடையும் கொண்டு வந்தார். மழை இல்லை, குடை ஆயுதத்துக்காக. கொல்லைச் சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்ததால் உள்ளே போவது சுலபம். அடுத்தவர் இடத்தில் ராத்திரி புகுந்து தோண்டுவது குற்றம் என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் நினைவில் இல்லை.

இரண்டடி ஆழத்தில் சாக்கு தட்டுப்பட்டது. மண்வெட்டி பட்டதும் கலகலவென்று சத்தம். உள்ளே குவாட்டர் பாட்டில்கள். டீச்சர் அங்கேயே எண்ணினார், 39. அதில் 38 காலி. ஒன்று நிறைய இருந்தது, சீல் உடைக்காமல்.

அது பூக்காரம்மாவின் கையில் இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போகின்றன. பூக்காரம்மா குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாட்டிலில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டை விரலால் துடைத்தார். மூடி வரைக்கும் துடைத்துவிட்டு அங்கே விரலை நிறுத்தினார். “மூடி திருகுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு மேடம். நான் திருகவே இல்ல. ஆனா கேட்டுச்சு.”

டீச்சருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிடுங்கினால் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள் என்று மட்டும் தோன்றியிருக்கிறது. வகுப்பில் அடம் பிடிக்கும் பிள்ளைகளிடம் செய்ததைச் செய்தார்.

“பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு.”

“எனக்குப் பத்து வரைக்குந்தான் தெரியும்.”

“அப்ப ஏழு சொல்லு.”

பூக்காரம்மா பாட்டிலைப் பிடித்துக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னார். ஏழேழு நாற்பத்தொன்பதில் திக்கினார். திரும்ப முதலிலிருந்து சொல்லச் சொன்னார் டீச்சர். மூன்றாம் தடவை முடிவதற்குள் கை தளர்ந்தது. டீச்சர் பாட்டிலை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

குடிக்கும் வெறி அலை மாதிரி எழும்பும், தாக்குப்பிடித்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும் என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த அரை மணியை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். பாட்டு, குளியல், நடை என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன். வாய்ப்பாடு அதில் இல்லை. இப்போது இருக்கிறது.

நாள் 13: மனு

திங்கள்கிழமை பத்து மணிக்கு டீச்சர் என் அறைக்கு வந்து, காவல்நிலையத்துக்கு எழுதிய நான்கு பக்க மனுவை மேசையில் வைத்தார். வரிசை எண் போட்டு 11 காரணங்கள். “302இன் கீழ்” என்று எழுதியிருந்தார். 2024 ஜூலை முதல் கொலைக்கு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103ஆம் பிரிவு என்று நான் சொன்னதும் பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார். பிறகு, “இணைப்பு ஒன்று” என்று சொல்லி, பாலித்தீன் பையில் கட்டி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டிய அந்தக் குவாட்டரைக் கைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். ஒன்றேகால் நாள் அது அவர் வீட்டு பீரோவில் இருந்திருக்கிறது. அவருக்குத் தூக்கம் வராத வீட்டில், மதுவும் டயசிபாமும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம் என்று நானே பாடம் நடத்திய ஒருவரிடத்தில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூக்காரம்மாவையும் வரச் சொன்னேன். பாட்டிலை மூவரும் நின்று வாஷ்பேசினில் ஊற்றினோம். பூக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கூடுதல் மாத்திரை விஷயம் அன்றுதான் வெளியே வந்தது. அங்கேயே மருத்துவரைக் கூப்பிட்டு, அளவைத் திரும்ப நிலைப்படுத்தினோம்.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். நான்காம் நாளே கேட்டிருக்க வேண்டியது. “அந்தம்மாகிட்ட நேரா யாராவது கேட்டீங்களா, அவர் எங்கேன்னு?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துத் தெரு, தினமும் பார்க்கும் முகம். குழி தோண்டியவர்கள் வாயைத் திறந்து கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துப் பூக்காரம்மா சொன்னார்: “நாம கேட்டா, அவுகளும் நம்மளக் கேப்பாகல்ல மேடம்.”

மனுவைக் கொடுப்பதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு நாள் பொறுக்கும்படி கேட்டேன். மறுநாள் பகலில், வாசல் வழியாகப் போய்க் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் நானே கூட வருகிறேன், சேர்ந்து போய் மனுவைக் கொடுப்போம் என்றேன். காவல்துறை விசாரணைக்கு வந்தால், குற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வீட்டின் கதை தெரு முழுக்கப் போகும். 13 நாள் ஆன ஒன்றுக்கு இன்னும் ஒரு நாள் பொறுப்பதால் கெடுவது குறைவு என்று கணக்குப் போட்டேன். இதில் மாற்றுக் கருத்து இருக்கலாம்.

நாள் 14: குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தாள்

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, பூ கொடுக்கிற சாக்கில் போனார்கள். வீட்டம்மா உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். டீச்சர் நேராகவே கேட்டார்.

“சார் எங்கேம்மா?”

“திருப்பூர்ல.”

“எந்தக் கம்பெனி?”

பதில் வரவில்லை. முப்பது வருடம் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் பார்த்த டீச்சருக்கு அந்த மௌனம் புரிந்தது. ஆனால் மர்மத்தை உடைத்தது அவர் இல்லை. பூக்காரம்மாவின் கண் அதற்குள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரு தாளில் நின்றுவிட்டது. லுங்கி 3, துண்டு 2, சோப்பு, பல்பொடி, கொசுவர்த்தி. அதற்குக் கீழே கோடு போட்டு: சென்ட், ஷேவிங் லோஷன், இருமல் மருந்து, செல்போன் கொண்டு வரக்கூடாது.

யார் பார்த்தாலும் அது ஏதோ ஹாஸ்டல் பட்டியல். சென்டும் இருமல் மருந்தும் ஏன் கூடாது என்பது, அவற்றில் ஆல்கஹால் இருக்கும், கைக்கு வேறு எதுவும் கிடைக்காதவர்கள் அதையும் குடித்துவிடுவார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். பூக்காரம்மாவுடைய 21 நாளுக்கும் இதே மாதிரி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்.

“மதினி, அண்ணன் எந்த சென்டர்ல இருக்காக?”

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பூக்காரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, “நானும் திருப்பூர்தான் மதினி, எட்டு மாசத்துக்கு முன்னாடி” என்றார். டீச்சர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக வெளியாள் ஒருவரிடம், “நான் காசிக்கே போகலை” என்றார். கங்கை தீர்த்தத்தில் பாதி அந்த வீட்டுப் பூஜையறையில்தான் இருந்தது.

உண்மையில் நடந்தது

வீட்டுக்காரர் ஏழெட்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே, சத்தமில்லாமல் குடித்து வந்திருக்கிறார். ஏலக்காயும் சென்டும் அதற்காக. (“ஏலக்கா வாசத்துலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நானும் அதத்தான் மென்னேன்” என்று பூக்காரம்மா இன்றுவரை நொந்துகொள்கிறார்.) செவ்வாய் மாலை ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தெரு பார்க்கக் கூடாது என்று ராத்திரி வண்டி வரச் சொன்னார்கள். நாளையிலிருந்து கிடையாதே என்று ஒன்பது மணிக்குமேல் கடைசித் தடவையாகக் குடித்தவர், வண்டி வந்தபோது எழுந்து நிற்க முடியாத நிலையில் இருந்தார். வாந்தி. ஜமக்காளம். ஃபினாயில். போனை மையத்தில் அனுமதிக்காததால் வீட்டில் விட்டார். பரணில் மறைத்து வைத்திருந்த பாட்டில்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் தெரிந்துவிடும் என்று மனைவி புதைத்தார். பூ? பல மாதங்களுக்குப் பிறகு அந்த அம்மா நிம்மதியாகத் தூங்கி எழுந்த வெள்ளிக்கிழமை அது. பேரம் பேசத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நினைவு தப்பும் அளவுக்குக் குடித்த ஒருவரை மல்லாக்கக் கிடத்தி இரண்டு மணி நேரம் வண்டியில் கொண்டுபோனது ஆபத்தான வேலை. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால் டீச்சருடைய மனுவுக்கு உண்மையாகவே ஒரு சடலம் கிடைத்திருக்கும். அந்த நிலையில் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதலில் பக்கத்து மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். திடீரென்று குடி நின்றால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டாம் மூன்றாம் நாளில் மனக்குழப்பமும் வரலாம் என்பதால் சேரும் இடத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். சம்மதம் வாங்கியிருந்தார்கள் என்பது ஓர் ஆறுதல். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, குடும்பம் நினைத்தவுடன் ஒருவரைத் தூக்கிக்கொண்டுபோய் அடைத்துவிட முடியாது.

இனி எதை மாற்றிச் செய்கிறேன்

புதிதாகக் குழுவுக்கு வருகிறவரிடம் இப்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். நீங்கள் எங்கே போயிருப்பதாக வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்? இதுவரை வந்த பதில்கள்: திருப்பூர் நான்கு, கோயம்புத்தூர் அக்கா வீடு இரண்டு, கர்ப்பப்பை ஆபரேஷன் மூன்று. அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்கு ஒருவர் எவ்வளவு சக்தி செலவழிக்கிறார் என்று தெரிந்தால், எந்தப் பக்கமிருந்து சறுக்கல் வரும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

ஜோடிகளுக்கு இரவு பத்து மணிக்கு மேல் சந்திப்பு கிடையாது என்று விதி வைத்தேன். ஜோடி ரொம்ப நன்றாக ஒட்டிக்கொண்டால் அதையும் விசாரிக்கிறேன். தூக்கம் எத்தனை மணி நேரம் என்று கேட்காமல் முன்னேற்றக் கட்டத்தில் டிக் போடுவதில்லை. “கவனிச்சுக்கிட்டே இருங்க” என்ற வாக்கியத்தை யாரிடமும் சொல்வதில்லை.

இந்த ஜோடியை மாற்றியிருக்க வேண்டுமா என்று ஒரு கூட்டத்தில் மூத்த ஆலோசகர் ஒருவர் கேட்டார். அந்தக் குழியோரத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் பாட்டிலைப் பிடுங்கியிருப்பார்கள் அல்லது ஓடியிருப்பார்கள் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குழிக்கே போயிருக்க மாட்டார்களே என்றார். அதுவும் சரிதான்.

பிறகு

31ஆம் நாள் வீட்டுக்காரர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார், மெலிந்து, மீசையை எடுத்துவிட்டு. வருவார் என்று தெரிந்திருந்தும் பூக்காரம்மா அவரைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டுவிட்டார். வீட்டம்மா இப்போது குடும்பத்தினருக்கான எங்கள் கூட்டத்துக்கு மாதம் இருமுறை வருகிறார். குழியை யார் தோண்டியது என்பதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். முருங்கைக்கு நல்லதுதான் என்றாராம்.

பூக்காரம்மா ஒரு வருடம் தாண்டிவிட்டார். டீச்சருக்கு மாத்திரை முழுதாக நின்று இரண்டு மாதம் ஆகிறது. நாலரை மணி நேரம் தூங்குகிறார்.

வீட்டுக்காரர் பத்தாவது வாரம் மறுபடி குடித்தார். குடிநோயில் இப்படி நடப்பது அபூர்வம் இல்லை. மறுபடி சிகிச்சைக்குப் போக அவரே கேட்டார். இந்தத் தடவை எந்த நேரத்துக்கு வண்டி சொல்ல என்று மனைவி பூக்காரம்மாவிடம் கேட்டிருக்கிறார். அன்றைக்கு டீச்சருடைய டைரியில் இருப்பது:

“காலை 10.20. ஆட்டோ. தானாக நடந்து போய் ஏறினார். கையில் மஞ்சள் பை. இட்லிக்கடைக்காரர் எங்கே என்று கேட்டார், ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னார். மனைவி தலையில் பூ, இரண்டு முழம் (சரியான அளவில் ஒன்றே முக்கால்).”